மீன் கமிஷனர்

இறாலைக் காணவில்லை.

தொட்டியின் அடியில், மணல்மேல், அதன் ஓடு மட்டும் கிடந்தது. மீசையிலிருந்து வால் வரை முழுசாக. உள்ளே ஒன்றுமில்லை.

நடராசன் தொட்டிக் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தான். சுற்றி வந்து பின்பக்கமாகவும் பார்த்தான். ஓடு ஓடாகவே இருந்தது.

"போயிடுச்சா தம்பி?" காபி டம்ளரோடு நின்ற கமலாம்பாள் கேட்டாள். அந்த வீட்டின் மூத்த மருமகள்.

"அப்படித்தான் தெரியுதுங்க."

"உள்ள இருக்கிறதை மட்டும் தின்னுட்டு ஓட்டை அப்படியே வச்சிருக்கு பாருங்க. இறால் சாப்பிடத் தெரிஞ்ச ஆளு வேலை." குரலைத் தாழ்த்தினாள். "என் கொழுந்தனாருக்கு இறால்னா உசிரு."

நடராசன் காபியை வாங்கினான். குடிக்கவில்லை. செத்தது வெறும் இறால் அல்ல. கோர்ட்டுக் காவலில் இருந்த இறால்.

அவன் வக்கீல். சீனியர் வைத்தியலிங்கத்திடம் ஜூனியராகச் சேர்ந்ததிலிருந்து வாய்தா வாங்குவதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை. முதல்முறையாக ஒரு நீதிபதி அவன் பெயரைச் சொல்லி ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தார். அந்தப் பொறுப்பு இந்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.

தொட்டியை வைத்தவர் பஞ்சநதம். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பாபநாசம் பக்கத்தில் இருந்த சொந்த ஊருக்குத் திரும்பியவர். திரும்பியவர்கள் எல்லாம் மாடி கட்டினார்கள். அவர் கூடத்தில் கடல் வைத்தார். நல்ல தண்ணீருக்காக ஊரே மதகில் நின்று சண்டை போட்ட கோடையில், அவர் நாகூரிலிருந்து வேனில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். பாறை வைத்தார். பாறைமேல் பவளம் ஒட்டினார். ஒரு ஜோடி கோமாளி மீன், டாம்சல் என்ற நீல மீன் ஒன்று, மீசை வைத்த சிவப்பு இறால் ஒன்று. அவ்வளவுதான் விட்டார். அவ்வளவோடு நிறுத்தினார். பிறகு இறந்துபோனார்.

பிள்ளைகள் இருவர். மூத்தவர் இராஜாங்கம், இளையவர் அரசப்பன். இருவருக்கும் அப்பாவின் முகம். வேட்டிக்கரை மட்டும் வேறு வேறு. அண்ணனுக்கு இரண்டு நிறக் கரை, தம்பிக்கு மூன்று நிறக் கரை. ஐந்து வருடம் அண்ணன் கட்சி ஆண்டது. தம்பி பொறுத்திருந்தார். ஆட்சி மாறிய மறுவாரம் பாகப்பிரிவினைக்குத் தாவா போட்டார்.

நிலத்தைப் பிரிக்கலாம். தென்னையை எண்ணலாம். கொல்லையில் சுவர் எழுப்பலாம், எழுப்பியும் விட்டார்கள். தொட்டியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அண்ணன் கேட்டார். தம்பியும் கேட்டார். நீதிபதி ஊருக்குப் புதிது. கொஞ்ச நேரம் யோசித்து உத்தரவு போட்டார். தீர்ப்பு வரும் வரை தொட்டி உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையக் கூடாது. பார்த்துக்கொள்ள ஒரு வக்கீல் கமிஷனர். ஒவ்வொரு வாய்தாவிலும் கமிஷனர் நேரில் வந்து நிலைமை சொல்ல வேண்டும்.

"எந்த உயிர் எதோடு ஒத்துப்போகிறது என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள்" என்று நடராசனைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலைக்குள் கோர்ட்டு வளாகத்து டீக்கடை வரை அவனுக்கு மீன் கமிஷனர் என்று பெயர் வந்துவிட்டது.

"கவலைப்படாதே" என்றார் வைத்தியலிங்கம். "நம்ம ஊர்ல வரப்பே ராத்திரியில நகருது. அதுக்கே நாம பயந்ததில்லை. ஆனா ஒண்ணு. இதுல தப்பு பண்ணினா, இனிமே எந்த ஜட்ஜும் உன் பேரைச் சொல்ல மாட்டாங்க. வாய்தாதான் உனக்குக் கடைசி வரைக்கும்."

இப்போது இறாலைக் காணவில்லை.

பஞ்சநதத்துக்கு மீன் கொடுத்துக்கொண்டிருந்தவர் நாகூர் மீரா உசேன். நடராசன் போன் போட்டான்.

"இறாலா? இருக்கே. மீசை வச்சதுதானே? வாங்க சார்."

போனான். பிளாஸ்டிக் பையில் காற்றடித்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். திருவாரூர், கும்பகோணம் என்று பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டே வந்தான். பக்கத்து சீட்டுக்காரர் பையைப் பார்த்தார்.

"ஒரு இறாலா வாங்கினீங்க?"

"ஆமாங்க."

"வீட்ல நீங்க ஒருத்தர்தானா?"

நடராசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கமலாம்பாள் கொல்லைக்குப் போன நேரம் பார்த்து இறாலைத் தொட்டியில் விட்டான். அன்று நன்றாகச் சாப்பிட்டான்.

அடுத்த முறை போனபோது தொட்டியில் இரண்டு இறால் இருந்தன.

"சட்டை உரிச்சிருக்கும் சார்" என்றார் மீரா உசேன் போனில். "வளர்றப்போ பழைய ஓட்டை அப்படியே கழட்டிப் போட்டுடும். புதுத் தோல் கெட்டியாகிற வரைக்கும் பாறைக்குள்ள ஒளிஞ்சுக்கும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க இறால் வேணும்னீங்க. கொடுத்தேன். இறால் என்ன பண்ணும்னு கேக்கலையே."

சகோதரர்கள் இருவரும் வந்து நின்றார்கள். ஒருவருக்கொருவர் பேசுவதில்லை. நடராசனை நடுவில் நிறுத்திவைத்து அவனிடம் பேசினார்கள்.

"குட்டி போட்டிருக்கு" என்றார் அரசப்பன். "பொதுச் சொத்துல வந்த மகசூல். பாதி எனக்கு. சொல்லுங்க சார் அவருகிட்ட."

"சொல்லுங்க தம்பி அவன்கிட்ட" என்றார் இராஜாங்கம். "இத்தனை நாளா தீனி போட்டது என் பொண்டாட்டி. சாகுபடி பண்ணினவனுக்குத்தான் மகசூல்."

"அப்ப அவரு குத்தகைதாரர்னு ஒத்துக்கிறாரா? நான் நிலச் சொந்தக்காரன். கேளுங்க சார்."

இராஜாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தவிர" என்று தொட்டியைக் காட்டினார் அரசப்பன். "அந்த ஜோடி மீனைப் பாருங்க. சிவப்பு, வெள்ளை, ஓரத்துல கறுப்பு. எங்கப்பா கடைசியா எந்தப் பக்கம் இருந்தாருன்னு மீனே சொல்லுது."

"மீனுக்கு ஏதுடா ஓட்டு?" என்று நடராசனைப் பார்த்துக் கத்தினார் இராஜாங்கம்.

வாய்தா வந்தது. நீதிபதியின் டவாலி மருதையன் குறுக்கே பட்டையும் பெரிய மீசையுமாக வாசலில் நின்று கட்சிக்காரர்களைக் கூப்பிட்டார். நடராசன் எழுந்து நின்றான்.

"தொட்டி எப்படி இருக்கிறது, கமிஷனர்?"

"உள்ளது உள்ளபடி இருக்கிறது, யுவர் ஆனர்."

"இந்த டாம்சல் சண்டைக்கார மீன் என்கிறார்களே. கோமாளி மீனோடு ஒத்துப்போகிறதா?"

அன்று காலையில்தான் டாம்சல் ஒரு கோமாளியின் வாலைக் கிழித்திருந்தது. அதைச் சொன்னால் எப்போதிலிருந்து என்பார். எதிலிருந்து ஆரம்பித்தாலும் இறாலில் போய் முடியும். சீனியர் முன்வரிசையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சகோதரர்கள் மாதிரி பழகுகின்றன, யுவர் ஆனர்."

கோர்ட்டே திரும்பி இராஜாங்கத்தையும் அரசப்பனையும் பார்த்தது. சிரிப்பு எழுந்து அடங்கியது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

ஒரு இறாலை வெளியே எடுத்தாக வேண்டும். நடராசன் வலையை விட்டான். இரண்டும் பாறைக்குள் போய்விட்டன. பாறையைத் தூக்கினால் பவளம் உடையும், அதுவும் வழக்குச் சொத்து. மறுபடியும் நாகூர்.

"பருந்து மீன் ஒண்ணு தர்றேன்" என்றார் மீரா உசேன். "பாறைமேல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும். இறால் தலையைக் காட்டினா ஒரே அமுக்கு. ஒண்ணைத் தின்னதும் நீங்க இதை எடுத்துடுங்க."

"மத்த மீனோட எப்படி?"

"சாது சார். ரொம்பச் சாது."

பருந்து மீன் முதல் நாள் ஒரு இறாலைத் தின்றது. நடராசன் வலையோடு கிளம்பி வருவதற்குள் அடுத்ததையும் தின்றது. பிறகு பாறைமேல் உட்கார்ந்து அவனைப் பார்த்தது. வலையைக் கண்டால் பாறைக்குள் போனது. வலையை எடுத்தால் வெளியே வந்து உட்கார்ந்தது.

"இது யாரு புதுசா?" என்றார் இராஜாங்கம்.

"காவலுக்குங்க."

"இறால் எங்க?"

"பாறைக்குள்ள. சட்டை உரிக்குது."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அடுத்த வாய்தாவில் நீதிபதி களைத்துத் தெரிந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மருதையன் வேறு நடராசனை ஏதோ சொந்தப் பகை போல முறைத்தார்.

"கமிஷனர், டாம்சலும் கோமாளியும் சகோதரர்கள் மாதிரி என்று சொன்னீர்கள்."

"ஆமாம், யுவர் ஆனர்."

"எந்தச் சகோதரர்கள் மாதிரி?"

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தம்பியாக இருக்கலாம். அண்ணனாகவும் இருக்கலாம். இனி மேலே ஒன்றைச் சேர்த்துச் சொல்வதைத் தவிர வழியில்லை.

"நடுவில் சின்ன மனஸ்தாபம் வந்தது, யுவர் ஆனர். தொட்டியின் நன்மைக்காக ஒரு பருந்து மீனைக் காவலுக்கு விட்டிருக்கிறேன். டாம்சல் அடங்கிவிட்டது."

ஒன்று கூடக் கூடாது என்று உத்தரவு. சீறுவார் என்று எதிர்பார்த்தான். நீதிபதி பேனாவைத் திறந்தார்.

"பருந்து மீன் இறாலைத் தொடாதா?"

"இறால் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, யுவர் ஆனர்."

அது உண்மைதான். பார்ப்பதற்கு இறால் இல்லை.

"எங்கே கிடைக்கிறது?"

"நாகூரில், யுவர் ஆனர். மீரா உசேன் கடையில்."

அதையும் எழுதிக்கொண்டார். மருதையன் கூரையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் வைத்தியலிங்கம் தோளில் தட்டினார். "நல்லா பதில் சொன்னே. மனுஷன் கேள்வி கேட்கிறதைப் பார்த்தா உன் மேல சந்தேகம்தான். கடை பேரு வரைக்கும் எழுதியிருக்காரு. விசாரிக்கப் போறாரு."

நடராசனுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

பாதி தின்ற இறால் எங்கோ பாறை இடுக்கில் அழுகியது. தண்ணீர் கலங்கியது. பவளம் சுருங்கிக்கொண்டது. பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னார் மீரா உசேன். கேன் கேனாகக் கடல்நீர் அனுப்பிவைத்தார். நடராசன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய தண்ணீரை வாளியில் மொண்டான்.

"எங்க ஊத்துறதுங்க?"

"கொல்லை வாய்க்கால்ல ஊத்துங்க தம்பி" என்றாள் கமலாம்பாள். "அது பாட்டுக்குப் போயிடும்."

அது பாட்டுக்குப் போனது. போய்ச் சேர்ந்த இடம் அரசப்பனின் சம்பா நாற்றங்கால்.

ஞாயிற்றுக்கிழமை அரசப்பன் ஒரு பிடி நாற்றோடு வந்தார். நுனியெல்லாம் கருகியிருந்தது. நடராசன் முன்னால் போட்டார்.

"இது என்ன வக்கீல் சார்?"

"நாத்துங்க."

"நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தான். உப்பு.

"மேட்டூர்ல திறந்து, கல்லணை தாண்டி, மொறை வச்சு வாங்கி, ராத்திரி பகலா மடையில காத்துக் கிடந்து பாய்ச்சின நாத்து சார். அதுல கடலைக் கொண்டாந்து விட்டிருக்கீங்க. எத்தனையோ பேரு என் நிலத்துல கை வச்சிருக்காங்க. கடலை விட்ட முதல் ஆளு நீங்கதான்."

"தெரியாம நடந்துடுச்சுங்க."

"ஜட்ஜு ஒண்ணொண்ணா கேட்பாரு. அவருகிட்ட சொல்லுங்க."

நடராசன் எழுந்து நின்று கும்பிட்டான். அரசப்பன் கொஞ்சம் இறங்கினார். கேஸ் போட மாட்டார். ஆனால் ஒரு நிபந்தனை.

"தொட்டி இருக்கிறது அவரு பக்கம். பார்த்துக்கிறது அவரு சம்சாரம். உள்ள எனக்குன்னு ஒரு ஆளு வேணும். என் பேருல ஒரு மீன் விடணும்."

இதைக் கேட்டுக்கொண்டே இராஜாங்கம் உள்ளே வந்தார். "அப்ப எனக்கும் ஒண்ணு. சம பாகம். சொல்லுங்க தம்பி அவன்கிட்ட."

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் நாகூர் போனார்கள். அண்ணன் முன் சீட்டில். தம்பி கடைசி சீட்டில். நடராசன் நடுவில், இருவருக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு.

மீரா உசேனை முதலில் இராஜாங்கம் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "பாய், மத்ததையெல்லாம் அடக்கி வைக்கிற மாதிரி ஒண்ணு கொடுங்க."

பிறகு அரசப்பன் தள்ளிக்கொண்டு போனார். "பாய், அவரு வாங்கினதை அடக்குற மாதிரி ஒண்ணு கொடுங்க."

மீரா உசேன் முகத்தில் பெருநாள் தெரிந்தது. அண்ணனுக்கு ஒரு கிளாத்தி. உள்ளங்கை அகலம், ரம்பம் போலப் பல். தம்பிக்கு ஒரு களவாக் குட்டி. குட்டி என்று அவர்தான் சொன்னார். அதன் வாய் குட்டி இல்லை.

"ரெண்டும் ஒத்துப்போகுமா பாய்?" என்றான் நடராசன்.

"சாது சார்."

வீட்டில் கமலாம்பாள் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "கிளாத்தியைத் தோலை உரிச்சுக் குழம்பு வைப்பாங்க. காத்தடிச்சு பஸ்ல கூட்டிக்கிட்டா வருவாங்க?"

மறுநாள் காலை டாம்சல் இல்லை. அதற்கு அடுத்து பருந்து மீன் இல்லை. களவா ஒரு மூலையில் அசையாமல் நின்றது. வயிறு மட்டும் பெரிதாகியிருந்தது.

மூன்றாவது வாய்தாவில் நீதிபதி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பருந்து மீன் இறாலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றீர்கள்."

"ஆமாம், யுவர் ஆனர்."

"இப்போதுமா?"

"இப்போதும், யுவர் ஆனர்."

நீதிபதி பெருமூச்சு விட்டார். குரல் உடைந்த மாதிரி இருந்தது. "வேறு?"

"இரண்டு தரப்பும் சம்மதித்து ஒரு கிளாத்தியும் ஒரு களவாவும் விட்டிருக்கிறார்கள்."

"களவா சின்ன மீன்களைச் சாப்பிடாதா?"

சீனியர் முன்வரிசையில் இல்லை. யாரும் காப்பாற்றப் போவதில்லை.

"களவா வந்த பிறகு தொட்டியில் சண்டை என்ற பேச்சே இல்லை, யுவர் ஆனர்."

"அப்படியா?" நீதிபதியின் முகத்தில் நம்பிக்கை மாதிரி ஏதோ தெரிந்தது. எழுதினார். மருதையன் தன் பட்டையைக் கழற்றி எறிந்துவிடுபவர் போல அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் கோர்ட்டிலிருந்து தகவல் வந்தது. சனிக்கிழமை காலை நீதிபதி நேரில் வந்து தொட்டியைப் பார்வையிடுவார்.

வெள்ளிக்கிழமை பகலில் மின்வெட்டு. ஆட்சி மாறியும் அது மாறவில்லை. தொட்டி மோட்டார் நின்றது. மீனுக்குக் காற்று போகட்டும் என்று கமலாம்பாள் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கிளாத்தி தரையில் கிடந்தது. விறைத்துப்போயிருந்தது.

நடராசன் மாலையில் வந்தபோது வீடெல்லாம் புளிக்குழம்பு வாசனை.

"வீணாப் போகக் கூடாதேன்னு" என்றாள் அவள். "ஒரு மீன்ல என்னத்த வைக்கிறது? பாதிக்கு மேல கத்தரிக்காதான்."

"மீன் எங்க?"

"இவரு சாப்பிட்டாரு. இவரு மீன்தானே. கொழுந்தனார் வாசனை பிடிச்சுக்கிட்டுச் சுவரு பக்கமே நின்னாரு. ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுத்தேன்."

நடராசன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கோர்ட்டுக் காவலில் இருந்த சொத்தை வாதியும் பிரதிவாதியும் சாப்பிட்டிருக்கிறார்கள். கமிஷனர் நாளைக்கு அதைக் காட்ட வேண்டும்.

விஷயத்தை விளக்கியதும் இராஜாங்கம் வெளுத்துப்போனார். கொல்லைச் சுவருக்கு மேலே அரசப்பனின் தலை எழுந்தது. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"கோர்ட்டு மீனைத் தின்னா எத்தனை வருஷம் சார்?"

"தெரியலைங்க. இதுவரைக்கும் யாரும் தின்னதில்லை."

அரசப்பன் சுவரைச் சுற்றாமல் ஏறிக் குதித்து வந்தார். மூன்று பேரும் தொட்டி முன்னால் நின்றார்கள். அப்போதுதான் கவனித்தார்கள். கோமாளி மீன்களும் இல்லை. காலையில் இருந்தன. இப்போது களவா மட்டும் நின்றது.

இராஜாங்கம் குனிந்து பாறை இடுக்கெல்லாம் தேடினார்.

"அரசு" என்றார் இராஜாங்கம். இம்முறை நடராசனைப் பார்க்கவில்லை. "அப்பா விட்ட ஜோடிடா. ரெண்டும் போயிடுச்சு."

"ஆமாண்ணே."

"இதுக்கா கோர்ட்டுக்குப் போனோம்?"

"இந்தக் களவாவை வாங்கினது நான்தாண்ணே."

"நான் மட்டும் என்ன, பூனைக்குட்டியா வாங்கினேன்?"

அரசப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா அண்ணி குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு."

"ஒரு கிண்ணத்துல என்ன தெரியும் உனக்கு?" என்றாள் கமலாம்பாள். "உக்காரு, மிச்சம் இருக்கு." சோறு போட்டாள். ஆதாரம் அதோடு அழிந்தது.

இலை எடுப்பதற்குள் அண்ணனும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஜட்ஜ் வந்ததும் ராஜியாகப் போகிறோம் என்று சொல்லிவிடுவது. நிலம் பாதிப் பாதி. தொட்டி அண்ணன் வீட்டில். தம்பி எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். களவா இருவருக்கும் பொது.

"உங்க பாடு முடிஞ்சது" என்றான் நடராசன். "என் பாடு?"

இருவரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"நீங்க இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்குங்க தம்பி" என்றார் இராஜாங்கம்.

சனிக்கிழமை காலை நடராசன் கறுப்புக் கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான். இதற்கு மேல் அதைப் போடும் வேலை இருக்காது என்று தோன்றியது. பொய் சொல்வதற்கு இனித் தொட்டியிலும் ஒன்றும் மிச்சமில்லை.

ஜீப் வந்து நின்றது. மருதையன் முதலில் இறங்கிக் கதவைத் திறந்தார். நீதிபதி யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்து தொட்டி முன்னால் நின்றார்.

ராஜி விஷயத்தைச் சொல்ல இராஜாங்கம் வாயெடுத்தார். நீதிபதி கையைக் காட்டினார். அடங்கினார்.

நீதிபதி குனிந்து பார்த்தார். பாறைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம். களவா மூலையிலிருந்து மெதுவாக நீந்தி வந்து, கண்ணாடிக்கு அருகில் நின்று, அவரைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது.

"மற்றவை?"

நடராசன் மூச்சை இழுத்துக்கொண்டான். "இல்லை, யுவர் ஆனர்."

"பாறைக்குள்?"

"பாறைக்குள்ளும் இல்லை. இறாலைப் பருந்து மீன் தின்றது. பருந்து மீனைக் களவா தின்றது. டாம்சலும் கோமாளியும் முதல் வாய்தாவிலிருந்தே அடித்துக்கொண்டன. எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை. கோர்ட்டில் நான் சொன்னது ஒன்றுகூட உண்மையில்லை."

அரசப்பன் ஓசைப்படாமல் அண்ணனுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"ஒன்றுகூடவா?"

"ஒன்றுகூட இல்லை, யுவர் ஆனர்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அவர் முகத்திலிருந்து என்னவோ ஒரு பாரம் இறங்குவதை நடராசன் பார்த்தான். கோபம் அதற்குப் பின்னால் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"நல்லது" என்றார் நீதிபதி. "ரொம்ப நல்லது."

நாற்காலியில் உட்கார்ந்தார். கமலாம்பாள் கொடுத்த காபியைக் குடித்தார். இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்தார். ராஜியைக் காது கொடுத்துக் கேட்டார். திங்கட்கிழமை இருவரும் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். கிளாத்தி எங்கே என்று கேட்கவே இல்லை. எழுந்தவர் நடராசன் தோளில் கை வைத்தார்.

"அடுத்த கமிஷனும் உங்களுக்குத்தான். ஆனால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், தம்பி. உங்களை நம்பி நாலு காரியம் நடக்கிறது."

போய் ஜீப்பில் ஏறினார். சிரித்த முகமாக இருந்தார்.

நடராசன் வாசல்படியில் நின்றுவிட்டான். சிறைக்குப் போகத் தயாராக வந்தவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. எதனால் என்று அவனுக்குப் புரியவில்லை. நீதிபதியின் குடையை எடுக்க உள்ளே போயிருந்த மருதையன் திரும்பி வரும்போது அவனருகில் நின்றார். முதல்முறையாக முறைக்காமல் அவனைப் பார்த்தார்.

"என்னங்க நடந்துச்சு? ஐயா ஏன் கோபப்படலை?"

மருதையன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க கோர்ட்டுல சொல்லச் சொல்ல, ஐயா வீட்டுத் தொட்டிக்கு அதே மீனை நான்தான் சார் நாகூர் போய்ப் போய் வாங்கியாந்து விட்டேன்; அங்கேயும் இப்ப களவா ஒண்ணுதான் இருக்கு."